மேட்டுப்பாளையம் – குன்னூர் – ஊட்டி – கோத்தகிரி: ஒரே பகலில் ஒரு சைக்கிள் சுற்று

மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, குன்னூர் வழியாக ஊட்டி ஏறி, தொட்டபெட்டா சந்திப்பைத் தாண்டி, கோத்தகிரி வழியாக மறுபடி மேட்டுப்பாளையம். ஏறத்தாழ 115 கி.மீ. மொத்த ஏற்றம் 2,000 மீட்டருக்கு மேல். முதன்முறை வருகிறவர்கள் எல்லோரும் ஏறிவிட முடியுமா என்றுதான் கேட்கிறார்கள். நிதானமாக மிதிக்கத் தெரிந்தவர் ஏறிவிடுவார். கோத்தகிரியிலிருந்து 33 கி.மீ. இறங்கும்போது கையிலும் கண்ணிலும் பிரேக்கிலும் என்ன மிச்சம் இருக்கும் என்பதை வைத்துத்தான் நாளைத் திட்டமிட வேண்டும்.

குன்னூர் வழியில் ஏறி, கோத்தகிரி வழியில் இறங்குவதே சரி. கோடை சீசனில் நிர்வாகமே வண்டிகளை இப்படித்தான் ஒருவழியாக விடுகிறது. மற்ற மாதங்களிலும் குன்னூர்ச் சாலையில் பேருந்தும் சுற்றுலா வேனும் அதிகம். அந்த நெரிசலை மெதுவாக ஏறும்போது சமாளித்துவிடலாம், வேகமாக இறங்கும்போது முடியாது. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இந்தச் சரிவில்தான் கொட்டும். மண்சரிவால் சாலை அடைபடுவதும் அப்போதுதான். பின்னால் துணைக்குக் கார் வருகிறதென்றால் அதற்கு நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

புறப்பாடு காலை 6:15. அதற்கு முன் வேண்டாம். கல்லாறு முதல் பர்லியாறு வரை யானை நடமாடும் காடு; நன்றாக வெளிச்சம் வந்த பிறகே அதற்குள் நுழைய வேண்டும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 325 மீட்டர். கல்லாறு வரை எட்டு கி.மீ. கிட்டத்தட்ட சமதளம், உடம்பு சூடேறுவதற்கு. அங்கேயே, ஏற்றம் தொடங்குமுன், முன்பக்கச் சங்கிலியைச் சின்னப் பல்சக்கரத்துக்கு இறக்கிவிடுங்கள். முதல் வளைவில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே கியரை மாற்றினால் செயின் உள்பக்கம் கழன்று விழும், பின்னால் பஸ் நிற்கும்.

கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை சுமார் 26 கி.மீ., 14 கொண்டை ஊசி வளைவுகள், சராசரிச் சரிவு ஐந்தரை சதவீதம். பக்கத்திலேயே ஏறும் மலை ரயிலுக்கு 12.5 அடிக்கு ஓர் அடி என்ற சரிவு, அதாவது எட்டு சதவீதம். அதனால்தான் அதற்குப் பல்தண்டவாளம். நமக்கு அவ்வளவு செங்குத்து இல்லை, ஆனால் ஓய்வு தரும் சமதளமும் இல்லை. முன்னால் 34 பல், பின்னால் பெரியது 32 பல் இருந்தால், நிமிடத்துக்கு 70 சுற்று மிதிக்கும்போது வேகம் மணிக்கு ஒன்பதரை கி.மீ. ஒரு சராசரி ஆள் மூன்று மணி நேரம் தாங்கக்கூடிய உழைப்பு அது. பின்னால் 28 பல்தான் இருக்கிறதென்றால் அதே சுற்றுக்குப் பத்தரை கி.மீ. தாண்ட வேண்டும், முடியாதபோது சுற்று ஐம்பதுக்கு விழுந்து முழங்கால் வலிக்கும். செலவு பார்க்காமல் பெரியது 32 அல்லது 34 பல் உள்ள கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுப்பு) போட்டுவிடுங்கள்.

போட்ட பிறகு ஒன்றை மறக்காதீர்கள். சமவெளியில் ஓட்டுகிறவர்கள் மிகப் பெரிய பல்லுக்குப் போவதே இல்லை. அதனால் பின் டிரெய்லரின் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி, derailleur) ‘எல்’ திருகு, அதாவது செயின் பெரிய பல்லைத் தாண்டாமல் தடுக்கும் திருகு, சரியாக இருக்கிறதா என்பது மலையில்தான் தெரியவரும். அது தளர்ந்திருந்தாலோ, டிரெய்லரைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் வளைந்திருந்தாலோ, செயின் பெரிய பல்லையும் தாண்டி ஆரக்கம்பிகளுக்குள் பாயும்; டிரெய்லர் முறியும், பயணம் அங்கேயே முடியும். முந்தைய நாள் வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, பெரிய பல்லுக்கு மாற்றி, ஷிஃப்டரை இன்னும் உள்ளே அழுத்திப் பாருங்கள். செயின் அசையக் கூடாது.

ஏற்றத்தில் குழுவாகவே போக வேண்டும் என்று யாரும் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. பத்து கி.மீ. வேகத்தில் முன்னால் போகிறவர் காற்றைத் தடுத்துத் தருவதால் லாபம் ஏதுமில்லை. வேறொருவர் வேகத்துக்கு மிதித்தால் நஷ்டம்தான். அவரவர் தாளத்தில் ஏறி, பர்லியாறு, குன்னூர், ஊட்டி சேரிங் கிராஸ், கோத்தகிரி என்று நான்கு இடங்களில் கூடினால் போதும். அனுபவமுள்ள ஒருவர் கடைசி ஆளுக்குப் பின்னாலேயே வர வேண்டும். பம்பு, இரண்டு ட்யூப், ஒட்டு, செயின் இணைப்புக் கண்ணி எல்லாம் அவரிடம். முன்னால் போகிறவரிடம் கருவிப்பை இருந்து பயனில்லை.

வளைவுகளில் உள்விளிம்பை ஒட்டி ஏறாதீர்கள். சரிவு அங்கேதான் அதிகம், பஸ்ஸின் பின்சக்கரம் வெட்டி வருவதும் அங்கேதான். பர்லியாற்றில் குரங்குகள் முதுகுப் பாக்கெட்டிலிருக்கும் வாழைப்பழத்தைக் குறி வைக்கும், ஜிப் உள்ள பையில் வையுங்கள்.

சாப்பாட்டுக் கணக்கு மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழம் 25 கிராம் தரும். கூட நான்கைந்து பேரீச்சம்பழம். பசிக்கும்வரை காத்திருந்தால் தாமதம். கல்லாற்றிலிருந்தே அரை மணிக்கொரு முறை ஏதாவது வாயில் போட வேண்டும். தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர், இரண்டில் ஒரு பாட்டிலில் ஓஆர்எஸ். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்பனைக்குத் தடை உண்டு. எனவே வண்டியில் இரண்டு பாட்டில் கட்டாயம்; கடைகளிலும் தண்ணீர் ஏடிஎம்களிலும் நிரப்பிக்கொள்ளலாம்.

பத்து மணிக்குள் குன்னூர் (1,850 மீட்டர்). வயிறார இட்லி, பொங்கல் இங்கேதான். பதினொன்றுக்கும் வந்து சேராதவர் ஊட்டியை விட்டுவிட்டு, கட்டபெட்டு வழியாக நேரே கோத்தகிரிக்குப் போய்க் காத்திருக்கலாம். அதில் எந்தக் குறையும் இல்லை, அந்தத் தேயிலைத் தோட்டச் சாலை அழகானதும்கூட.

வெலிங்டன், அருவங்காடு, எல்லநள்ளி வழியாக ஊட்டிக்கு (2,240 மீட்டர்) 18 கி.மீ. வாகனப் புகையைத் தவிர சொல்ல அதிகம் இல்லை. ஊட்டி வந்ததும் ஏற்றம் முடிந்ததென்று பலர் கையை உதறுவார்கள். தொட்டபெட்டா சந்திப்புக்கு இன்னொரு ஏற்றம் பாக்கி. குளிர்ந்துபோன காலோடு அதை ஏறுவது கொடுமை, எனவே ஊட்டியில் இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். சந்திப்பைப் பகல் ஒரு மணிக்குள் கடந்துவிட வேண்டும். பிற்பகலில் மூடுபனி இறங்கும். காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலங்கியை அங்கே போட்டுக்கொள்ளுங்கள். வியர்வையோடு இறங்கினால் விரல் விறைத்து பிரேக் பிடிக்க வராது.

கட்டபெட்டு வழியாகச் சிறு ஏற்ற இறக்கங்களோடு கோத்தகிரி. அங்கே அரை மணி ஓய்வு, அத்துடன் ஒவ்வொருவர் பிரேக் கட்டையையும் குனிந்து பாருங்கள். இறக்கத்தில் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே வருவதுதான் பெரிய தவறு. ரிம் பிரேக்கென்றால் ரிம் கொதித்து ட்யூப் வெடிக்கும், கார்பன் ரிம்மானால் அடுக்குகளே பிரியும். டிஸ்க்கென்றால் கட்டை பளபளப்பேறிப் பிடிமானம் போகும். வளைவுக்கு முன்னால், நேர்ப்பகுதியில், இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுக்க விடுங்கள். சக்கரத்தைக் காற்று குளிர்விக்கட்டும். வளைவில் வெளிப்பக்கக் கால் கீழே, எடை அதன்மேல், பார்வை வளைவு முடியும் இடத்தில். நடுக்கோட்டைத் தாண்டவே கூடாது. எதிரே ஏறும் பஸ் வளைவு முழுவதையும் எடுத்துக்கொள்ளும், மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை. ஆளுக்கு ஆள் முப்பது மீட்டர் இடைவெளி, பின்னால் சிவப்பு விளக்கு எரியட்டும். லேசான டிபியூ (TPU என்ற பிளாஸ்டிக்) ட்யூப் போட்டிருப்பவர்கள் உறையைப் படியுங்கள்: சில வகைகள் டிஸ்க் வண்டிக்கு மட்டுமே.

அரவேணு தாண்டியதும் ஒருமுறை நின்று கையை உதறிக்கொள்ளுங்கள். குஞ்சப்பனைப் பகுதியில் பலாப்பழக் காலத்தில் யானைகள் சாலைக்கே வரும். வளைவுக்கு அப்பால் வண்டிகள் வரிசையாக நின்றால் ஓரமாக முந்திப் போகாதீர்கள், அங்கேயே நின்று பின்னால் வருகிறவர்களுக்குக் கை காட்டுங்கள். மாலை நாலரைக்கும் கோத்தகிரியிலேயே இருக்கிறீர்கள் என்றால் அன்று இறங்கவே வேண்டாம். அறை எடுத்துத் தங்கி, விடிந்தபின் இறங்குங்கள்.