ரேம் வாங்கப் போய் வெறுங்கையோடு வந்த கதை

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குத் தொழில். 2019 கடைசியில் ரைசன் 5 3600 பிராசசர், பி450 போர்டு, இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஸ்டிக் என்று ஒரு கணினி அசெம்பிள் செய்தேன். 2022 தொடக்கத்தில் எல்லாரும் 4கே கேட்க ஆரம்பித்ததும் அது திக்கித் திணறியது. அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்5 வந்துவிட்டதே, ரேமை மாற்றினால் சரியாகிவிடும் என்று கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். “அதை உங்க போர்டுல எங்க சார் சொருகுவீங்க?”

இரண்டிலும் 288 பின்தான், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கிறது. மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சில்லும் டிடிஆர்5-இல் ஸ்டிக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும்; பழையதில் அது போர்டின் வேலை. ஆக போர்டு, பிராசசர் எல்லாமே புதிது. அன்றைக்கு அதற்கு இன்டெல் 12-ஆம் தலைமுறையை விட்டால் வழியில்லை. ரைசன் தயாரிக்கும் ஏஎம்டியில் டிடிஆர்5 அந்த வருஷம் செப்டம்பரில்தான் வந்தது. மொத்த விலையைக் கேட்டேன், ஒரு டீ குடித்தேன், ரயிலேறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ரேம் வேகம் 2133 என்று காட்டுகிறது. நான் காசு கொடுத்தது 3200-க்கு! கணினியின் அடிப்படை செட்டிங்ஸ் இருக்கும் பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாமலே இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன். ரைசனில் பிராசசரின் உள்பாதையும் ரேமின் வேகத்தோடு சேர்ந்தே ஓடும் என்பதால், அதை ஆன் செய்ததும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. ஆனாலும் பிராஜெக்ட் திறந்ததும் 16 ஜிபி முழுக்க நிரம்பி, மிச்சத்தை அதைவிட மெதுவான எஸ்எஸ்டி டிரைவில் தள்ள ஆரம்பித்துவிடும். எனக்குத் தேவைப்பட்டது புதுத் தலைமுறை இல்லை, கூடுதல் இடம். இரண்டு 16 ஜிபி டிடிஆர்4 வாங்கிப் போட்டேன். அதிலேயே இரண்டரை வருஷம் ஓடியது.

2024 கடைசியில் நிலைமை வேறு. எக்ஸ்போர்ட் போட்டால் பிராசசர் 100 சதவீதத்தில் நிற்கும், ரேமோ பாதிதான் நிரம்பியிருக்கும். பிராசசரையே மாற்றும் நேரம் வந்துவிட்டது, டிடிஆர்5 அதோடு தானாக வந்து சேரட்டும் என்று முடிவெடுத்தேன். ரைசன் 7 7700, பி650 போர்டு, இரண்டு 16 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக், வேகம் 6000. நான்கு ஸ்லாட்டையும் நிரப்ப ஆசைதான். ஆனால் நான்கு போட்டால் ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் 5200-இலிருந்து 3600-க்கு இறங்கிவிடுகிறது.

முதல் தடவை ஆன் செய்ததும் திரை கறுப்பு. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். போர்டு போச்சு என்று பயந்து பவரை அணைத்துவிட்டேன். போனில் தம்பி கத்தினான்: “அது ரேமைப் பழகிக்கிட்டு இருக்குண்ணே, கை வைக்காதே!” மறுபடி முதலிலிருந்து. அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்து பார்த்தால் பயாஸ் திரை நிற்கிறது. முதல் வேலையாக, எக்ஸ்எம்பி மாதிரியே ஏஎம்டி வைத்திருக்கும் எக்ஸ்போவை ஆன் செய்தேன்.

பழைய ஸ்டிக்குகளை விற்காமல் டிராயரில் போட்டு வைத்திருந்தேன். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை எகிறியது. அப்போது பார்த்து அண்ணன் மகன் கேட்டான். கொடுத்துவிட்டேன், எக்ஸ்எம்பி ஆன் செய்ததை போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு.