ரஃபோர்ட் சிறு நிதி: விண்ணப்பத்துக்கு முன்னும் பின்னும்

பிரிட்டனைச் சேர்ந்த ரஃபோர்ட் அறக்கட்டளை, வளரும் நாடுகளில் நடக்கும் காட்டுயிர்ப் பாதுகாப்புப் பணிகளுக்குச் சில ஆயிரம் பவுண்டு அளவில் நிதி தருகிறது. விண்ணப்பம் எழுதுவதுதான் இதில் சுலபமான பகுதி. பணம் சட்டப்படி யார் கணக்கில் வந்து இறங்கும், காட்டுக்குள் போக யார் அனுமதி தருவார் என்ற இரண்டுக்கும் விடை தெரியாமல் விண்ணப்பிப்பவர்கள் நிதி கிடைத்த பிறகும் நடுவழியில் நிற்கிறார்கள். தமிழகத்தின் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயத்தில், வலை கிழிவதால் நீர்நாய்களுக்கும் ஆற்று மீனவர்களுக்கும் இடையில் எழும் சிக்கலை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டு சொல்கிறோம்.

முதலில் பணம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010 தனிநபருக்கும் பொருந்தும். சேமிப்புக் கணக்கு எண்ணைக் கொடுத்துப் பணம் வாங்கும் யோசனை வேண்டவே வேண்டாம். இந்தச் சட்டத்தில் பதிவுள்ள ஓர் அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றிவிடும் வழியும் 2020 திருத்தத்தோடு அடைபட்டது. எனவே திட்டம் அந்த அமைப்பின் சொந்தத் திட்டமாகவே இருக்க வேண்டும்: ஒப்பந்தம் அவர்கள் பெயரில், பில் அவர்கள் பெயரில், நீங்கள் அவர்களுடைய ஊழியர். பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் அவர்களுக்குள்ள கணக்குக்கு வந்து, அங்கிருந்துதான் செலவுக் கணக்குக்குப் போகும். சொந்தமாகப் பதிவு வாங்கலாமே என்றால், அமைப்பு தொடங்கி 3 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அந்த 3 ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு நன்கொடைக்கு மட்டும் முன் அனுமதி கேட்கும் வழியும் இருக்கிறது. ஆனால் சிறு நிதிக்காக அந்த அலைச்சல் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

இதே சட்டப்படி, வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆராய்ச்சியையே முதன்மைப் பணியாகக் கொண்ட அமைப்பில், களத் தரவு சேகரிப்பவரின் சம்பளம் இந்தக் கணக்கில் வராது. ஒருவர் செய்வது களவேலை என்றால் பட்ஜெட்டிலும் அப்படியே எழுதுங்கள். ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் தணிக்கையில் நிர்வாகச் செலவாகிவிடும்.

அடுத்தது வனத்துறை. சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 28ஆம் பிரிவில் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். பிடிப்பது, பொறி வைப்பது, உடலின் எந்தப் பகுதியையும் எடுப்பது, பறவை அல்லது ஊர்வனவற்றின் கூட்டையும் முட்டையையும் கலைப்பது எல்லாமே இந்தச் சட்டத்தில் வேட்டைதான். திசு மாதிரி எடுப்பதாக இருந்தால் 12ஆம் பிரிவில் தனி அனுமதி கேட்க வேண்டும். முதல் திட்டத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள். விலங்கு கடக்கும்போது தானே படமெடுக்கும் கேமராவும் நீர்நாயின் எச்சமும் (கழிவு) போதும். ஆனால் எச்சம் சேகரிப்பதையும் விண்ணப்பத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: எத்தனை மாதிரி, எந்த ஆய்வகம், மிச்சம் என்ன ஆகும்.

கோப்பு சென்னையிலிருந்து மாவட்ட வன அலுவலரின் கருத்துக்குப் போய்த் திரும்ப மாதக்கணக்காகும். அதைத் தாமதப்படுத்துபவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள். வரைபடத்தில் வனத்துறையின் நிர்வாகப் பிரிவுகளான சரகமும் பீட்டும் குறிக்கப்பட்டிருக்காது. கேமரா எத்தனை என்று இருக்காது. பரிசல்காரர், ஓட்டுநர் உட்பட எல்லார் பெயரும் அடையாள அட்டை நகலும் இணைக்கப்பட வேண்டும். உத்தரவில் பெயர் இல்லாதவரைச் சோதனைச்சாவடியில் நிறுத்துவார்கள், அது அவர்கள் கடமை. இரவு தங்குவதானால் தனியாகக் கேளுங்கள். நிதிக்காக அனுமதியும் அனுமதிக்காக நிதியும் காத்திருக்க வேண்டாம். நிதி கோரப்பட்டுள்ளது என்று எழுதி, இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள்.

இனி விண்ணப்பம். பாதுகாப்புப் பயன் தெரியாத வெறும் ஆய்வுக்கும் கருத்தரங்குப் பயணத்துக்கும் ரஃபோர்ட் பணம் தராது. ‘இந்த ஆற்றில் எத்தனை நீர்நாய்’ என்ற கேள்வி மட்டும் நிற்காது. எந்த மடுவில், எந்த மாதத்தில், எவ்வகை வலை அதிகம் கிழிகிறது, அதைக் குறைக்க மீனவர்களோடு சேர்ந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான் திட்டம். பரிந்துரைப்பவர்கள் 3 பேர் வேண்டும். உங்கள் களத்தையும் வேலையையும் நேரில் அறிந்தவர், பெரிய பதவியில் இருந்து உங்களை அறியாதவரைவிட மேல்.

பட்ஜெட்டில் அடிக்கடி விடுபடுவது பேட்டரி. 8 ஏஏ செல் போடும் கேமரா 20 வைத்தால் ஒரு சுற்றுக்கு 160 செல். சார்ஜ் ஏற்றி மாற்ற இன்னொரு 160 வேண்டும். இரும்புப் பெட்டி, பூட்டு, மெமரி கார்டு, உபரிக் கேமரா 2 ஆகியவற்றையும் எழுதுங்கள். கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளிலிருந்து தண்ணீர் திறந்தால் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் ஆறு வேகமாக ஏறும். மணல்திட்டில் முழங்கால் உயரத்தில் கட்டிய கேமரா போனது போனதுதான். நீர்நாய் எச்சமிடும் பாறைகள் வெளியே தெரியும் ஜனவரி முதல் மே வரையிலான காலமே கணக்கெடுப்புக்கு ஏற்றது. கால அட்டவணையை அதற்கேற்பப் போட்டுவிட்டு, பிறகு தொடக்கத் தேதியை எழுதுங்கள். பட்ஜெட் பவுண்டில் இருக்கும். எந்தத் தேதியின் மாற்று விகிதம் என்று குறிப்பிடுங்கள். பவுண்டு இறங்கினால் குறையும் தொகையில் எதை வெட்டுவது என்றும் முன்பே முடிவுசெய்யுங்கள். மீனவர் கூட்டங்களை மட்டும் வெட்டாதீர்கள்.

இறுதி அறிக்கை தராமல் இரண்டாம் நிதி கேட்க முடியாது. அந்த அறிக்கை இணையத்தில் எல்லாரும் படிக்க வெளியாகும். நீர்நாய் வளைகளின் ஜிபிஎஸ் புள்ளிகளை அதில் சேர்க்காதீர்கள்; தோலுக்காக அதைத் தேடுபவர்களும் படிப்பார்கள். புள்ளிகள் அடங்கிய முழுப் பிரதி வனத்துறைக்கு மட்டும் போகட்டும். மீனவர் சங்கத்துக்குத் தமிழில் இரண்டு பக்கத்தில், வலை விவரங்களோடு ஒரு பிரதி கொடுங்கள்.