‘ஃபா’

அந்த ஆள் சொன்ன வாக்கியம் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. “ஹமிடிகு இத்தி ஃபா மராரி நி ஸனாகு.” இதை விற்கப் போகிறேன், பிள்ளைக்குச் சுகமில்லை. நடுவில் ஒரு ‘ஃபா’. அதை நான் நானாவுக்கு (அண்ணனை நாங்கள் நானா என்போம்) எப்படிச் சொன்னேன் என்பதுதான் விஷயம்.

2007. மடகாஸ்கரின் இலகாகாவில் நீலக்கல் வாங்கிய நம் ஆட்களுக்கு அந்தப் பலகைக் கடைகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் பேருவளையிலிருந்து போய் எனக்கு நாலு மாதம். நானா கல்லைப் பார்ப்பார், நான் கதைப்பேன். அவர்கள் மொழியான மலகாசியில் எனக்கு எண்கள் நன்றாக வரும், மற்றதெல்லாம் அரைகுறை.

எண்களைத்தான் எல்லாரும் முதலில் படிக்கிறோம். அதற்குள்ளேயே ஓர் இணைப்புச்சொல் ஒளிந்திருக்கிறது. லட்சத்துக்கு அவர்களிடமும் தனிச்சொல் உண்டு, ஹெட்ஸி. பத்து லட்சம் தாபிட்ரிஸா. ஆனால் சிறியதைச் சொல்லிவிட்டுத்தான் பெரியதற்கு வருவார்கள். இருபத்தைந்து லட்சம் என்பது “டிமி ஹெட்ஸி ஸி ரூவா தாபிட்ரிஸா”, அதாவது ஐந்து லட்சமும் இருபது லட்சமும். முதல் வாரத்தில் ‘டிமி ஹெட்ஸி’ காதில் விழுந்ததுமே ஐந்து லட்சம்தானே என்று நானாவுக்குச் சொல்லிவிடுவேன். அவர் முகம் மலரும். ஆள் இன்னும் சொல்லி முடித்திருக்க மாட்டான். ‘ஸி’ கேட்டால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இதோடு இன்னொரு தலையிடி. 2005இலேயே காசு அரியாரி ஆகிவிட்டது, ஆட்கள் விலை சொல்வது மட்டும் பழைய பிராங்கில். கேட்டதை ஐந்தால் வகுக்க வேண்டும்.

மற்ற இணைப்புச்சொற்களைச் சாப்பாட்டுக் கடை அக்காவிடம் படித்தேன். சோறும் கறியும் அங்கே “வாரி ஸி லவுக்கா”. நாம் இரண்டு பக்கமும் ‘உம்’ ஒட்டுகிறோம், அவர்கள் நடுவில் ஒரு ‘ஸி’யை வைத்து விட்டுவிடுகிறார்கள். சுகமான மொழி என்று நினைத்து வாக்கியத்தையும் வாக்கியத்தையும் ‘ஸி’ போட்டே கட்டினேன். அக்கா சிரித்தார். பெயர்களுக்கு நடுவில்தான் ‘ஸி’, வாக்கியங்களுக்கு நடுவில் ‘ஆரி’. ‘அல்லது’விலும் இரண்டு உண்டு. “டிட்டே ஸா கஃபே?” என்று ‘ஸா’ போட்டுக் கேட்டால் தேநீரா, கோப்பியா, இரண்டில் ஒன்றைச் சொல். நான் ஒரு வாரமாக “ஆம்” என்று பதில் சொல்லியிருக்கிறேன். ‘நா’ என்றால் அப்படி இல்லை, எதுவானாலும் சரி.

இதெல்லாம் எளிது. ‘ஃபா’தான் கொஞ்சம் திருடன். “பெரியதல்ல, சிறியது” என்பதற்கு நடுவிலும் அதுதான். “அவனுக்குச் சுகமில்லை என்று தெரியும்” என்பதில் நம் ‘என்று’ இருக்கும் இடத்திலும் அதுதான். காரணம் சொல்லவும் அதுவே. நான் முதலில் ‘ஆனால்’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் வண்டிக்காரன், போவோம் ‘ஃபா’ பொழுது சாய்கிறது என்று கத்தினான். போகலாம், ஆனால் இருட்டிவிட்டதே என்று தயங்குகிறான் போல என நினைத்து நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். வண்டி போய்விட்டது. அன்றிரவு கொப்பியில் ‘ஆனால்’ பக்கத்தில் ‘ஏனென்றால்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

அந்த ஆள் வந்தது அதற்கு அடுத்த கிழமை.

கல்லைச் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளில் சுற்றியிருந்தான். மூன்று கிராம் சொச்சம். டோர்ச் வெளிச்சத்தில் ஒரு மூலையில் மட்டும் நல்ல நீலம், மற்ற இடமெல்லாம் பால். அடுப்பில் போட்டால் தெளியலாம், வெடிக்கவும் செய்யலாம். இருபத்தைந்து லட்சம் பிராங்க் கேட்டான். நானா பேசாமல் கல்லை உருட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் என் பக்கம் திரும்பி அந்த வாக்கியத்தைச் சொன்னான்.

“என்னவாம் தம்பி?”

“விக்கத்தான் போறாராம் நானா. புள்ளைக்குச் சொகமில்லயாம், அதனாலதானாம்.”

நானா டோர்ச்சை அணைத்து மேசையில் வைத்தார். எனக்கு அந்த ‘டிக்’ சத்தம் போதுமாக இருந்தது. வழக்கமாகப் பாதியில் தொடங்கி முக்காலுக்குக் கிட்டப் போவார். அன்றைக்குப் பத்தில் தொடங்கிப் பன்னிரண்டில் நின்றுவிட்டார். அந்த ஆள் மூன்று முறை என்னைப் பார்த்தான், நானாவை அல்ல.

நான் தப்பாக ஒன்றும் மொழிபெயர்க்கவில்லை. இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை. அவன் காரணம் சொன்னான், நான் காரணத்தைச் சொன்னேன். கதைக்கிறவன் நடுவில் நின்று எதை விடுவது, எதைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கத் தொடங்கினால் அப்புறம் இரண்டு பக்கமும் அவனை நம்பாது. போதாததற்கு, கேட்காமலேயே பிள்ளையின் கதையைச் சொன்னது அவன். இரக்கப்பட்டு விலை ஏறும் என்று நினைத்திருப்பான். அந்த ஊரில் சுகமில்லாத பிள்ளை இல்லாத கதையே கிடையாது என்று நானா சொல்வார். சில நாள் அது உண்மையும்கூட.

ஆனாலும் ஒன்று இடிக்கிறது. தமிழில் அந்த ‘அதனாலதானாம்’ இல்லாமலே சொல்லியிருக்கலாம். “விக்கிறாராம், புள்ளைக்குச் சொகமில்லயாம்.” இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு நிறுத்தினால் நம் மொழியில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முடிச்சைக் கேட்பவர் போட்டுக்கொள்வார், அல்லது போடாமல் விடுவார். நான் போட்டுக் கொடுத்தேன், அதுவும் ‘தான்’ வைத்து இறுக்கி. அவன் சொன்ன ‘ஃபா’வில் ‘தான்’ இல்லை. போன கிழமைதான் படித்த சொல் சரியாகப் பிடிபட்ட சந்தோஷம். வேறென்ன சொல்ல.

பிறகு அக்காவிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கேட்டேன். அந்த ‘ஃபா’ ஏனென்றால்தானே? ஆமாம் என்றார். சட்டியைக் கழுவிக்கொண்டே, சும்மா பேச்சை இழுக்கவும் ‘ஃபா’ போடுவோம், “ஃபா மனிநுனா?” என்று கேட்பதில்லையா, என்றார். ‘ஏன், என்னாச்சு?’ என்று அர்த்தம். அந்த ‘ஃபா’வை மொழிபெயர்த்தால் ஒன்றும் மிஞ்சாது. அவர் பதிலில் எந்தப் பாதியை எடுத்துக்கொள்வது என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. வசதியான நாட்களில் இரண்டாவது பாதி.

நானா கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. காசை எண்ணிக் கொடுத்த பிறகு தனியாகப் பத்தாயிரம் அரியாரி எடுத்து, “புள்ளைக்கு மருந்து வாங்கச் சொல்லு” என்றார். அதை நான் இணைப்புச்சொல் எதுவும் இல்லாமல், காசு, பிள்ளை, மருந்து என்று மூன்று சொல்லில் சொல்லி முடித்தேன். அவனுக்குப் புரிந்தது.

அதற்கு முன்னால், பன்னிரண்டு லட்சத்தை நான் பிராங்கில் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் வெள்ளித் தாளை மடித்துக்கொண்டிருந்தான். பிறகு “எனி ஆரி” என்றான். ‘எனி’ என்றால் ஆம். ‘ஆரி’ அக்கா சொல்லிக்கொடுத்த வாக்கிய இணைப்பு. இரண்டும் சேர்ந்தால் ‘சரி’ என்பதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது. ‘ஆம், அப்புறம்...’ என்று ஏதோ சொல்ல வருகிறான் என நினைத்து, நானாவைக் கையால் அமர்த்திவிட்டு, அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.