மீதியை இறங்கும்போது வாங்கிக்கோ

அரசு பஸ் கண்டக்டர்கள் ஓய்வு பெறும்போது தோல் பையை மட்டும்தான் டிப்போவில் ஒப்படைக்கிறார்கள். மற்றதெல்லாம் அவர்களோடு வீட்டுக்கு வந்துவிடும்.

வேலூர் திருவண்ணாமலை தடத்தில் "கண்ணமங்கலம், போளூர்" என்று தொண்டை கிழியக் கத்திய அப்பா, 58 வயதில் வீட்டுக்கு வந்த பிறகும் எங்களை எல்லாம் பயணிகளாகவே நடத்தினார். கல்யாண வீட்டில் மேடையில் கூட்டம் சேர்ந்தால் போதும், "எறங்கறவங்களுக்கு வழி விடுங்க, நிக்கறவங்க உள்ள நகருங்க, எடம் கீது" என்று ஆரம்பித்துவிடுவார். ஒரு முறை மாப்பிள்ளையே இரண்டடி நகர்ந்து கொடுத்தார். பேரப்பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப் போனால் அகழிப் பக்கம் ஒரு தலை எண்ணிக்கை, கோயில் வாசலில் ஒரு தலை எண்ணிக்கை. ஒன்று குறைந்தாலும் ஆட்டோ கிளம்பாது.

என் மகளுக்கு நடை பழக்கியதும் அவர்தான், விசிலை வைத்து. ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. பள்ளி விளையாட்டு விழா அணிவகுப்பில் பி.டி. சார் எதற்கோ ஒரு விசில் ஊத, இவள் மைதானத்தின் நடுவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த வரிசை மொத்தமும் இவள் மேல் மோதியது. "புள்ளைமேல தப்பே இல்ல, டபுள் விசில் குடுக்காம எப்படி எடுப்பா?" என்று அப்பா சாரிடம் சண்டைக்கே போய்விட்டார்.

அவர் காலத்தில் எங்கள் பக்கத்து அரசு பஸ்களில் பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் என்று எழுதியிருக்கும். தலைமையிடம் வேலூர்தான். ஆனால் வெளியூர்க்காரர்கள் முதல் வார்த்தையை மட்டும் படித்துவிட்டு, "பட்டுக்கோட்டை போகுங்களா?" என்று ஏறிவிடுவார்களாம். 1997-இல் கழகங்களிலிருந்து தலைவர்கள் பெயர்களை எடுத்தபோது, எங்களுக்குத் தெரிந்து நிம்மதிப் பெருமூச்சு விட்ட ஒரே ஆள் அப்பாதான்.

பௌர்ணமி என்றால் அவர் வீட்டில் இருக்கமாட்டார். ஊரே கிரிவலம் போகும், சிறப்புப் பேருந்துகள் விடிய விடிய ஓடும். கார்த்திகை தீபத்துக்கும் அதே கதைதான். அகல் ஏற்றுவது அம்மா, மறுநாள் மத்தியானம் சிவந்த கண்ணோடு வந்து சேருவது அப்பா, கையில் அவித்த மல்லாட்டைப் பொட்டலம், அதாவது வேர்க்கடலை. அதைத் தூங்கி எழுந்து பிரித்துக் கொடுப்பதற்குள் நாங்கள் தோலையே தின்னும் நிலைக்கு வந்துவிடுவோம்.

சில்லறை விஷயத்தில் மட்டும் அவர் இரண்டு ஆள். பஸ்ஸில் ஒரு பூக்காரக் கிழவிக்கு இரண்டு ரூபாய் மீதி தர மறந்துவிட்டு, அடுத்த நடையில் கண்ணமங்கலத்தில் வண்டியை நிறுத்தி, பூக்கடை பூக்கடையாக விசாரித்துக் கொடுத்துவிட்டு வந்தவர். வீட்டிலோ யாருக்கும் முழுசாகக் கொடுத்ததே கிடையாது. முதல் ரேங்க் வாங்கினால் 50 ரூபாய் என்பார். வாங்கிக்கொண்டு போய் நின்றால் 30 தருவார். யாரோ போட்டுவிட்டுப் போன பழைய டிக்கெட் ஒன்றை மஞ்சப்பையிலிருந்து எடுத்து, பின்னால் "பாக்கி 20" என்று எழுதிக் கொடுப்பார். "மீதியை இறங்கும்போது வாங்கிக்கோ." வீட்டில் எங்கே இறங்குவது?

முதல் வருஷ திதிக்குப் படையல் போட்டு, காக்காவுக்கு வைத்து, எல்லாரும் சாப்பிட்டுச் சாய்ந்திருந்த நேரத்தில் அக்கா மகன் ஒரு டிக்கெட்டை என்னிடம் நீட்டினான். "மாமா, தாத்தா எனக்கு 40 ரூபா தரணும்." அவன் தொடங்கியதுதான் தாமதம், ஜாமெட்ரி பாக்ஸ், உண்டியல், செல்போன் உறை என்று எங்கெங்கிருந்தோ டிக்கெட்டுகள் வந்து விழுந்தன. தம்பி வங்கியில் வேலை பார்ப்பவன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துக் கையெழுத்து சரிபார்த்தான். ஒன்றில் மாட்டினான் அவன் மகன். "தாத்தா ஏழுக்கு நடுவுல கோடு போடுவாரே, இதுல எங்க? ஜெல் பேனாவ எப்படா தொட்டாரு அவரு?" பையன் மாடிக்கு ஓடிவிட்டான். மற்றவர்களுக்குப் பட்டுவாடா செய்ததில் என் பர்ஸ் காலி.

அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, சுருக்குப்பையை அவிழ்த்து மடித்து மடித்துப் பழுப்பேறிய ஒன்றை எடுத்தார். பின்பக்கம் "ஜிமிக்கி 1 ஜோடி பாக்கி".

"இது எப்ப எழுதினதோ, செல்லாதும்மா" என்றான் தம்பி. நான் திருப்பிப் பார்த்தேன். பட்டுக்கோட்டை அழகிரி என்று அச்சடித்திருந்தது. ஆக, 1997-க்கு முந்தைய கடன். அப்போதே வாங்கியிருந்தால் தம்பியின் இப்போதைய போன் விலைக்கு அம்மா காசுமாலையே போட்டிருக்கலாம்.

"இத்தினி வருசமா ஏன்மா கேக்கல?" என்றாள் அக்கா.

"குடுத்துட்டா அந்த மனுசன் கெத்தா திரிவாருடி. பாக்கி இருந்ததாலதான் நான் சொன்னத கேட்டாரு."

மச்சானுக்குத் திடீரென்று ஆம்பூரில் அவசர வேலை வந்துவிட்டது.

சனிக்கிழமை பஜாருக்குப் போனோம். செய்கூலி, சேதாரம் என்று கடைக்காரர் அடுக்கியதற்கெல்லாம் அம்மா அசையவில்லை. ஒரு பவுனில் காட்டியதை ஒதுக்கிவிட்டு ஒன்றரைப் பவுனைக் கையில் எடுத்தார். நானும் தம்பியும் வெளியே போய்க் கணக்குப் பார்த்தோம், எட்டவில்லை.

"இப்ப ஒரு பவுன் வாங்கிக்கம்மா, மீதி அரைப் பவுன் தீபாவளிக்கு" என்றான் தம்பி.

அம்மா முகத்தில் கோபமே இல்லை. கடைக்காரர் கொடுத்த ரசீதைத் திருப்பி அவனிடம் நீட்டினார்.

"எழுதி, கையெழுத்து போடு. உங்க அண்ணனையும் போடச் சொல்லு."