லினக்ஸ் செயல்முறைத் தேர்வில் லாக் கேள்வி: நான் தவறிய இடமும் பின்னர் படித்த முறையும்

லினக்ஸ் நிர்வாகத்துக்கான செயல்முறைத் தேர்வை முதன்முறை எழுதியபோது, ஒரு நிரல் தன் செயல்பாட்டைப் பற்றிப் பதியும் லாக் செய்திகளைத் தனிக் கோப்புக்கு அனுப்பச் சொன்ன கேள்வியில் மதிப்பெண்ணை இழந்தேன். இச்செய்திகளைப் பிரித்து அனுப்பும் ஆர்சிஸ்லாக் சேவையின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் ஒரே வரியில் முடிகிற வேலைதானே என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். சேவையை மறுதொடக்கம் செய்யாததால் அந்த வரி கடைசிவரை நடைமுறைக்கே வரவில்லை.

இரண்டாம் முறைக்குப் படிக்கும்போது விதியின் அமைப்பிலிருந்து தொடங்கினேன். இடப்பக்கம் எந்தச் செய்தி என்பதையும் வலப்பக்கம் அது சேர வேண்டிய இடத்தையும் சொல்லும். இடப்பக்கத்தில் ஃபெசிலிட்டி (செய்தி எந்த வகை நிரலிலிருந்து வருகிறது என்பதன் பெயர்), ஒரு புள்ளி, பிறகு தீவிர நிலை. நிலைகள் 0 முதல் 7 வரை எட்டு; எண் குறையக் குறையத் தீவிரம் கூடும் என்பதுதான் பலரையும் தடுமாற வைக்கிறது. வார்னிங் என்று எழுதினால் 4ஆம் நிலை மட்டுமன்றி, அதைவிடக் கடுமையான 3 முதல் 0 வரையிலான அனைத்தும் சேர்ந்தே வரும். அந்த ஒரு நிலை மட்டும் போதுமென்றால் புள்ளியை அடுத்துச் சமக்குறி இட வேண்டும். நாமே எழுதும் நிரல்களுக்கு லோக்கல்0 முதல் லோக்கல்7 வரையிலான ஃபெசிலிட்டிகள் ஒதுக்கப்பட்டுள்ளன.

கேள்வியில் ‘புதிய கோப்புக்கு மட்டும்’ என்று இருக்கிறதா என இருமுறை பாருங்கள். ரெட் ஹேட் வகைக் கணினிகளில், மெயில், ஆத்பிரிவ் (உள்நுழைவு), கிரான் (நேரம் குறித்த வேலைகள்) ஆகிய ஃபெசிலிட்டிகள் நீங்கலாக, இன்ஃபோ எனும் 6ஆம் நிலையும் அதைவிடக் கடுமையானவையும் ‘மெசேஜஸ்’ கோப்புக்குப் போகும்படி ஒரு விதி முன்பே இருக்கும். லோக்கல்3க்கு வார்னிங் நிலையில் புதிய விதி எழுதினாலும் பழைய விதி அதே செய்தியை மீண்டும் பிடித்துக்கொள்ளும். எனவே அந்தப் பழைய வரியில் லோக்கல்3க்கு ‘நன்’ (எதுவும் வேண்டாம்) என்று சேர்த்தாக வேண்டும்.

சரிபார்க்க, ஒரு டெர்மினலில் சேரும் வரிகளை உடனுக்குடன் காட்டும்படி டெயில் கட்டளையால் புதிய கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மற்றொன்றில் லாகர் கட்டளையால் லோக்கல்3, வார்னிங் என்று குறித்து ஒரு சொல்லை அனுப்புவேன். அது புதிய கோப்பில் விழ வேண்டும். ‘மெசேஜஸ்’ கோப்பில் தேடினால் கிடைக்கக் கூடாது. பிறகு இன்ஃபோ நிலையில் ஒன்றை அனுப்பி, அது புதிய கோப்புக்கு வராமலிருப்பதையும் பார்ப்பேன். இந்தப் பாதியைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை.

வேறு கணினிக்கு அனுப்பும் கேள்வி எளிது: முகவரிக்கு முன் ஒரு ‘@’ இட்டால் செய்தி யுடிபி என்ற நெட்வொர்க் நெறிமுறையில் போகும், இரண்டு இட்டால் டிசிபியில். ஜர்னல்டி என்ற மற்றொரு லாக் சேவை வைத்திருக்கும் ஜர்னல் பதிவுகள் கணினியின் மறுதொடக்கத்துக்குப் பின்னும் நிலைக்க வேண்டும் என்று கேட்டால், ஜர்னல்டியின் ஸ்டோரேஜ் அமைப்பைப் ‘பெர்சிஸ்டென்ட்’ என மாற்றி, அந்தச் சேவையையும் மறக்காமல் மறுதொடக்கம் செய்யுங்கள்.