புலியும் சிங்கமும்: பழைய அரசியல் கேலிச்சித்திரங்களை வரைந்து பழகுகிறேன்

பழைய கேலிச்சித்திரங்களைப் பார்த்து மையில் வரைந்து பழகும் வேலையில் இம்முறை புலியையும் சிங்கத்தையும் எடுத்துக்கொண்டேன். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது வெளியூர்க் கதை அல்ல. 1791-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை எங்கள் மலைக்கோட்டையைத் தாக்கி, பிடிக்க முடியாமல் திரும்பியது. மறு ஆண்டு மைசூர் மன்னர் திப்பு சுல்தானுடன் செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், எங்கள் ஊரும் சேர்ந்த பாரமகால் பகுதி கம்பெனியின் கைக்குப் போனது.

முதலில் வரைந்தது திப்புவிடம் இருந்த மரப்புலி என்ற இயந்திரப் பொம்மை. கேலிச்சித்திரம் அல்லதான், ஆனால் கதை அங்கேதான் தொடங்குகிறது. மல்லாந்து கிடக்கிறான் ஓர் ஐரோப்பியன். அவன் கழுத்தில் புலி வாய் வைத்திருக்கிறது. கைப்பிடியைச் சுழற்றினால் அவன் கை ஏறி இறங்கும், முனகல் கேட்கும். சிம்மாசனம் முதல் படைவீரர் உடை வரை புலியையே தன் அடையாளமாக வைத்திருந்தவர் திப்பு. 1799-ல் அவர் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததன் நினைவாகக் கம்பெனி வெளியிட்ட பதக்கத்தில் அதே புலி கீழே கிடக்கிறது, மேலே பிரிட்டிஷ் சிங்கம். எதிரியின் சின்னத்தை எடுத்து அவனையே வீழ்த்திக் காட்டிவிட்டார்கள்.

என்னை அதிக நாள் பிடித்து வைத்தது ஆங்கிலேய ஓவியர் ஜான் டெனியலின் படம். சிப்பாய்க் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, 1857 ஆகஸ்ட் 22 தேதியிட்ட 'பஞ்ச்' என்ற லண்டன் நகைச்சுவை இதழில் வந்தது. வங்கப் புலியின் மீது பிரிட்டிஷ் சிங்கம் பாய்கிறது. புலியின் அடியில் ஒரு பெண்ணும் குழந்தையும். இந்த இடத்தை வரையும்போதுதான் உறைத்தது: மரப்புலியின் அடியில் கிடந்த ஆண் இங்கே இல்லை. ஆணாக இருந்தால் அது போர். பார்ப்பவர் இரண்டு பக்கத்தையும் யோசிப்பார். பெண்ணையும் குழந்தையையும் வைத்ததும் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கிளர்ச்சியில் ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டது உண்மை. ஆனால் சிப்பாய்கள் ஏன் எழுந்தார்கள் என்பதற்கு அந்தப் படத்தில் ஓர் அங்குலமும் இடம் இல்லை. பழிவாங்கலை நியாயமாக்க இதைவிடக் கூர்மையான ஆயுதம் கிடையாது.

வரைகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நிழலுக்குக் குறுக்குக்கோடு போட்டால் புலியின் வரிகள் அதில் மறைந்துவிடும். வரிகளை முழுக் கறுப்பாக நிரப்பிவிட்டு, தசை ஓடும் திசையிலேயே மெல்லிய நிப்பால் நிழல் கோடு இழுத்தால் இரண்டும் தனித்தனியே தெரியும்.

இப்போது சொந்தமாக 1792 உடன்படிக்கையை வரைகிறேன். பெஞ்சமின் பிராங்க்ளின் 1754-ல் அமெரிக்கக் குடியேற்றங்களை வெட்டுண்ட பாம்பாக வரைந்து, துண்டுகளுக்கு முதலெழுத்துகளைப் போட்டார். நிலத்தை உடம்பாக்கும் அந்த வழியை நானும் எடுத்துக்கொண்டேன். புலியின் தோலில் பாதியைக் கம்பெனி, மராத்தியர், நிஜாம் ஆகிய மூவரும் உரிக்கிறார்கள். புலிக்கு உயிர் இருக்கிறது, கண் திறந்திருக்கிறது. திப்பு இன்னும் ஏழு ஆண்டு இருந்தார் அல்லவா. கம்பெனி பிடித்திருக்கும் பக்கத்தில் பாரமகால், திண்டுக்கல், மலபார் என்று எழுதினேன். எழுத்து இல்லாமல் குறியீடு பேச வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாரதியே 'இந்தியா' இதழில் படத்தோடு விளக்கமும் தந்தார்.

இழுக்கும் கைகளை மட்டும் வரைந்திருக்கிறேன். கம்பெனியின் கை, பொத்தான் வைத்த கோட்டால் தெரிந்துவிடுகிறது. மற்ற இரண்டையும் பிரித்துக் காட்ட வெறும் கை போதாது. தலைப்பாகையோடு முழு உருவமே வேண்டும். அதற்குப் பெரிய தாளில் மறுபடி தொடங்குகிறேன்.