உருமிக்குள் அப்பளம்: ஆடிக்கு முந்தைய சில நாட்கள்

2025 ஜூன் 21, சனி

பெரியப்பா திருமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில், உருமியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். ஆடி முதல் வெள்ளிக்கு உசிலம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் ஆறு முளைப்பாரிப் பாட்டு பதிவு செய்து கேட்டிருக்கிறார்கள். கும்மி, குலவை எல்லாம் சேர்த்து. ஆறுக்கும் உருமி அவர்தான்.

மாடி அறையில் உட்காரவைத்து, மைக்கை வளைத்து, ஃபேனை நிறுத்தினேன். ஃபேன் ஓடினால் அந்த இரைச்சலும் பாட்டில் ஏறிவிடும். மேலே சிமெண்ட் ஷீட். பதினொன்றரை மணி திருப்பரங்குன்றம் வெயிலைப் பற்றி நான் எழுதி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அடித்தார் பாருங்கள். வளைகுச்சியால் தோலைத் தேய்க்கும்போது வருமே ஒரு உறுமல், அது நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. முடிந்ததும் ஹெட்ஃபோனை அவர் தலையில் மாட்டிப் போட்டுக் காட்டினேன். மூன்று நிமிடம் சுத்தமாகப் போயிற்று. அப்புறம் ஒரு ‘சடக்’. அப்புறம் ‘சட சட சட’.

“என்னடா, என் உருமிக்குள்ள அப்பளம் பொரியுது?”

தோலைத் தட்டிப் பார்த்தார், துண்டால் துடைத்தார், கயிற்றை இழுத்துப் பார்த்தார். “உருமியில ஒண்ணும் இல்ல. உன் பொட்டியிலதான்.”

பொட்டி என்றது என் கம்ப்யூட்டரை. 2014-இல் அசெம்பிள் செய்தது. ஐ5 நாலாம் தலைமுறை, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். பாட்டுச் சேர்க்கும் மென்பொருளில் ஒரு ப்ராஜெக்டைத் திறக்க ஆறரை நிமிடம் எடுக்கிறது. கீழே போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் நாதஸ்வரத்தின் ஒலித்துண்டுகள் ஏறிக்கொண்டிருக்கும். இன்னும் மூன்று டேக் எடுத்தோம். மூன்றிலும் அப்பளம். முதல் டேக்கை அழிக்கக் கை போனது, மனசு வரவில்லை. ‘வீண் 1’ என்று பெயர் மாற்றி வைத்துவிட்டு மற்ற மூன்றையும் அழித்தேன்.

ஜூன் 23, திங்கள்

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடை. “ராமை ஏத்துங்க சார், பறக்கும்” என்றார். பழைய டிடிஆர்3, 8 ஜிபி, 1,300 ரூபாய். வாங்கிவிட்டேன். கம்ப்யூட்டர் ஸ்லோ என்றால் ஊரில் எல்லாரும் சொல்லும் வைத்தியம் இதுதான், எந்த வலிக்கும் தைலம் தேய்ப்பது மாதிரி.

ஜூன் 24, செவ்வாய்

பறக்கவில்லை.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி என்ற இடத்தைப் பார்த்தேன். பாட்டு ஓடும்போது 16-இல் 5.8 ஜிபிதான் செலவு. அதாவது 8 இருந்தபோதே இரண்டு ஜிபிக்கு மேல் சும்மா கிடந்திருக்கிறது. நூறு வயலினை அடுக்கி வாசிப்பவர்களுக்கு 16-ம் போதாது, அது வேறு. நான் வைத்திருப்பது ஒரு நாதஸ்வரம், ஒரு தவில், ஒரு ஹார்மோனியம், கொஞ்சம் ஸ்ட்ரிங்ஸ். இதைப் பார்க்க ஐந்து நொடி ஆகியிருக்கும். 1,300 ரூபாய் கொடுத்த பிறகு பார்த்தேன்.

ஜூன் 28, சனி

பெரியப்பா இரண்டாம் முறை. இந்தத் தடவை ‘பஃபர்’ அளவைக் கூட்டி வைத்திருந்தேன்.

இந்தப் பஃபர் சமாசாரம் எனக்கே பல வருஷம் குழப்பம். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்டால் தெளிந்துவிடுகிறது. நொடிக்கு 44,100 சாம்பிள், அதாவது சத்தத்தின் பொடித் துண்டுகள், வேண்டும். கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து ஊற்றாது, வாளியில்தான் கொண்டுவரும். வாளியின் அளவுதான் பஃபர். சின்ன வாளி என்றால் சட்டென்று நிரம்பி வந்துவிடும், ஆனால் அடுப்படிக்கும் பந்திக்கும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை தாமதித்தால் இலை காய்ந்துவிடும். இலை காய்ந்த அந்தக் கணம்தான் நம் காதில் ‘சடக்’. பெரிய வாளி நிதானமாக வரலாம், ஆனால் சாம்பாருக்குக் காத்திருக்க வேண்டும்.

256 சாம்பிள் வாளி என்றால் 5.8 மில்லிசெகண்ட். 1024 என்றால் 23. மைக் உள்ளே போக ஒரு வாளி, ஹெட்ஃபோனுக்கு வெளியே வர ஒரு வாளி, ஆக 46. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் சத்தம் ஒரு மில்லிசெகண்டில் போவது ஏறக்குறைய 34 சென்டிமீட்டர். 46-க்குப் பதினைந்து மீட்டருக்கு மேல். தன் உருமியைத் தெருமுனையில் நின்று யாரோ அடிப்பதுபோலக் கேட்டுக்கொண்டே இங்கே அடிக்க வேண்டும்.

1024-இல் வைத்து ஆரம்பித்தோம். பெரியப்பா எட்டுச் சுற்று அடித்திருப்பார், தாளம் இழுக்க ஆரம்பித்தது. குச்சியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“எவன்டா எனக்குப் பின்னாடியே அடிச்சுக்கிட்டு வர்றான்?”

நான்தான் மடையன். மைக் மாட்டும் ஆடியோ இன்டர்ஃபேஸின் முகப்பிலேயே ‘டைரக்ட் மானிட்டர்’ என்று ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருகினால் மைக் சத்தம் கம்ப்யூட்டருக்குள் சுற்றாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். வாங்கிய நாளிலிருந்து அது ஒரே பக்கம் திருகியே கிடந்தது. இந்தப் பக்கம் திருப்பி, மென்பொருள் வழியாக வரும் சத்தத்தை நிறுத்தியதும் பெரியப்பா சிரித்தார். பின்னால் அடித்தவன் போய்விட்டான்.

ஆனால் அப்பளம் போகவில்லை. குறைந்தது, அவ்வளவுதான். அதே மூன்றாவது நிமிடத்துக்குப் பிறகு ஆரம்பம். வாளியைப் பெரிதாக்கியும் இலை காய்கிறதென்றால், கோளாறு அடுப்பில்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

செல்போன் சர்வீஸ் பார்க்கும் மாப்ள ஒருவன் இருக்கிறான். ‘பூஸ்டர்’ ஏதோ ஒன்றை பென்டிரைவில் கொண்டுவந்தான், ஏற்றினால் கம்ப்யூட்டர் இரண்டு மடங்கு வேகமாகுமாம். வேகமாக்குகிறேன் என்று இன்னொன்று பின்னணியில் ஓடினால் அதுவும் சுமைதானே மாப்ள என்று சொல்லி டீ மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

ஆனால் போகிற போக்கில் அவன் கேட்ட ஒன்று உதவியது. “ராத்திரியும் இப்படித்தான் பண்ணுதா?” யோசித்துப் பார்த்தேன். ராத்திரி இவ்வளவு இல்லை.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள், ப்ராசஸரின் சூட்டையும் வேகத்தையும் காட்டும். பாட்டை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் 78 டிகிரி, வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். ஒரு நிமிடத்தில் 90. இரண்டு நிமிடத்தில் 97. மூன்றாவது நிமிடம் 100 தொட்டு எழுத்து சிவப்பாகியது. வேகம் அப்படியே இறங்கி 0.8-க்கு வந்தது. ‘சடக்’.

சும்மா இருக்கும்போது 0.8 காட்டினால் பயப்பட வேண்டாம், அது மின்சாரம் மிச்சம் பிடிக்கிற வழக்கம். வேலை தலைக்கு மேல் இருக்கும்போது 0.8 காட்டினால்தான் வில்லங்கம். இந்த ப்ராசஸருக்கு 100 டிகிரிதான் எல்லை. எரிந்துபோகாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நாலில் ஒரு பங்கு வேகத்தில் பந்தி நடத்தச் சொல்லிவிட்டு, ராம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது. கேபினெட்டைத் திறக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. ஒயரைப் பிடுங்கி, மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய் நிழலில் வைத்துப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன்.

ப்ராசஸர் மேல் ஒரு சின்ன ஃபேன், அதற்கு அடியில் அலுமினியத் தகடுகள் வட்டமாக. தகடுகளே தெரியவில்லை. பழைய கம்பளித் துண்டு ஒன்றை வெட்டி அளவாகப் பொருத்தியது மாதிரி ஒரு தூசிப் படலம். விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் உரிந்து முழுசாகவே வந்தது. அதில் என் மகள் பொம்மையின் தலைமுடி இரண்டு, ஒரு எறும்பு, ஊதுவத்திச் சாம்பல்.

அது மட்டுமென்றால் பரவாயில்லை. இந்த ஃபேன் நாலு மூலையிலும் நாலு பிளாஸ்டிக் பின்களால் மதர்போர்டில் குத்தி நிற்கிறது. ஒன்று கழன்று மேலே எழும்பி நின்றது. ஆட்டினால் மொத்தமும் ஒரு பக்கம் ஆடுகிறது. போன வருஷம் வீடு மாறியபோது இந்தப் பொட்டியை நான்தான் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் காலிடுக்கில் படுக்கவைத்துக் கொண்டுவந்தேன். எத்தனை வேகத்தடை ஏறி இறங்கியதோ. அன்றையிலிருந்து ப்ராசஸருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு பக்கம் மயிரிழை இடைவெளி.

மற்ற மூன்று பின்னையும் திருகி எடுத்தேன். நடுவில் பூசியிருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து, உதிர்ந்த சுண்ணாம்பாக இருந்தது. மெடிக்கலில் வாங்கிய ஸ்பிரிட்டில் துணியை நனைத்து, முகம் தெரியும் வரை துடைத்தேன். புது தெர்மல் பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு. நிறைய பூசினால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது, அழுத்தும்போது அதுவே பரவும். தூசியை மாப்ளயின் ப்ளோவரில் ஊதினேன். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கண்டபடி சுழன்று கெட்டுப்போகும். பின்களை எதிரெதிர் மூலையாக அழுத்தினேன். நாலும் ‘டிக்’ என்றன. போர்டுக்கு அடியில் கண்ணை வைத்து நாலு முனையும் வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூடினேன்.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் ஓட்டினேன். பத்து நிமிடம். 66 டிகிரி. 3.4-இலிருந்து இறங்கவே இல்லை. மொத்தச் செலவு பேஸ்ட்டுக்கு 180 ரூபாய்.

ஜூலை 3, வியாழன்

மழை மாதிரி கொட்டியது நின்றுவிட்டது. ஆனால் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, தனியாக ஒரு ‘டக்’. சூடும் இல்லை, சுமையும் இல்லை.

லேட்டன்சிமான் என்று ஒரு மென்பொருளைக் கால்மணி நேரம் ஓடவிட்டேன். யார் ப்ராசஸரைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கிறார்கள் என்று அது சொல்லும். நெட்வொர்க் டிரைவரை, அதாவது வைஃபையை இயக்கும் மென்பொருளை, காட்டியது. பந்திக்கே திரும்பினால், அடுப்பும் சரி, வாளியும் சரி, ஆனால் வருகிற வழியில் மொய் எழுதுகிறவர் குறுக்கே நாற்காலி போட்டிருக்கிறார். யுஎஸ்பியில் குத்தியிருந்த வைஃபை குச்சியைப் பிடுங்கினேன். ‘டக்’ போய்விட்டது.

கூடவே பவர் பிளானை ‘பேலன்ஸ்ட்’டிலிருந்து ‘ஹை பெர்ஃபாமன்ஸ்’க்கு மாற்றி, யுஎஸ்பி தூங்கப் போகிற வசதியையும் நிறுத்தினேன். இனி இந்தப் பொட்டிக்கு இன்டர்நெட்டே வேண்டாம். விண்டோஸ் 10-க்கு இந்த 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிகிறது, இந்தப் ப்ராசஸரில் 11-ஐ முறையாக ஏற்றவும் முடியாது. வெளி உலகம் தெரியாமல் பாட்டு மட்டும் போடட்டும்.

ஜூலை 6, ஞாயிறு

500 ஜிபி எஸ்எஸ்டி, 3,100 ரூபாய். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு ஒரு சுற்று சுற்றவே 8.3 மில்லிசெகண்ட். ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஒலித்துண்டுகளைத் தேடி முள் அங்கிட்டும் இங்கிட்டும் அலைந்ததுதான் அந்த ஆறரை நிமிடம். எஸ்எஸ்டியில் முள்ளும் இல்லை, தட்டும் இல்லை.

முதலில் மாட்டியபோது நொடிக்கு 270 எம்பிதான் வந்தது. என் போர்டில் டிஸ்க் மாட்ட நாலு சாட்டா துளை, இரண்டுதான் வேகமானவை. துளையை மாற்றியதும் 520. ப்ராஜெக்ட் 50 நொடியில் திறக்கிறது. டீ குடிக்க நேரமில்லை.

ஒன்று எழுதி வைக்க வேண்டும், நானே மறந்துவிடுவேன். அப்பளத்தைத் தீர்த்தது இது இல்லை. டிஸ்க்கிலிருந்து எடுத்தெடுத்து வாசிக்கும் ஒலிகள் நிறைய இருந்தால் டிஸ்க்கும் அப்பளம் பொரிக்கும், ஆனால் என் நாலு ட்ராக்குக்குப் பழையதே தாங்கியது. திறக்க நேரமாவது ஒரு வியாதி, ஓடும்போது சடசடப்பது வேறு வியாதி.

ஜூலை 12, சனி

பெரியப்பா மூன்றாம் முறை. அத்தையும் வந்திருந்தாள், கும்மிக்குக் குரல். நடுவில் ரயில் போனதற்கு மட்டும் இரண்டு முறை நிறுத்தினோம். ஆறு பாட்டும் சுத்தமாகப் பதிந்தது. ஆனால் பெரியப்பாவுக்குச் சளி. முதல் பாட்டில் அன்றைக்கு அடித்த அடி வரவில்லை. அவருக்கும் தெரியும். “போதும்ப்பா” என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 14, திங்கள்

முருகன் கோயில் கும்பாபிஷேகம். ஊரில் காலூன்ற இடமில்லை. மைக்கைத் தொடவில்லை.

ஜூலை 16, புதன்

பாட்டைக் கடைசியாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஃபைல்களுக்கு நடுவில் ‘வீண் 1’ கண்ணில் பட்டது. அழிக்கிறதுக்கு முன்னால் ஒரு தடவை என்று போட்டேன்.

மூன்றாவது நிமிடம் வந்தது. போனது. நான்காவது வந்தது. சத்தமே இல்லை. அதாவது உருமி மட்டும்தான், அப்பளம் இல்லை.

அன்றைக்குச் சடசடத்தது திருப்பிப் போட்டுக் கேட்கும்போதுதான். ஹெட்ஃபோனுக்கு வந்து சேரவேண்டிய வாளி தாமதித்திருக்கிறது, டிஸ்க்கில் எழுதியது ஒழுங்காகவே எழுதியிருக்கிறது. அலைவடிவத்தைப் பெரிதாக்கி ஒன்றுவிடாமல் பார்த்தேன். இரண்டே இடத்தில்தான் நிஜமாகவே கொஞ்சம் அறுந்திருந்தது. பக்கத்துச் சுற்றிலிருந்து வெட்டி ஒட்டினேன், பத்து நிமிட வேலை. அழித்த மூன்றும் எப்படி இருந்தனவோ.

பெரியப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். முதல் பாட்டுக்கு முதல் நாள் அடித்ததுதான் போகிறது என்று.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

“அப்ப நான் மூணு தடவ பஸ் ஏறினது?”

“மத்த அஞ்சு பாட்டு இருக்குல்ல பெரியப்பா.”

“ஆடி கழியட்டும். உன் பொட்டிய நான் வந்து ரெண்டு அடி அடிக்கிறேன்.”

பென்டிரைவை மைக் செட்டுக்காரர் ஆறு மணிக்கு வந்து வாங்கிப் போனார்.